டி.சி. செடி

"இங்க இன்னா பண்ணிகினு கீற? உலை வெச்சிட்டியா?"

செத்துக் கிடந்த மனைவி பொன்னம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பரிமளாவைப் பார்த்துக் கேட்டார் மணவாளன். பள்ளிக்கூடச் சத்துணவில் பொன்னம்மாள் சமையல், பரிமளா உதவியாள். கூடத்துத் தறியில் பாதி நெய்த பட்டுப்புடவை மேல் யாரோ பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"இன்னைக்கு பிஸ்கட் குடுத்துக்கறோம்னு டீச்சர் சொன்னாங்கண்ணா. அக்கா மூஞ்சியப் பாக்காம நான் எங்க போறது?"

"பிஸ்கட்டா!" மணவாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ சோறு போட்ட எடத்துல பிஸ்கட்டா? எழுந்து போம்மா. நீ ஆக்கிப் போட்டுட்டு வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

மைத்துனன் அன்புச்செல்வன் பதறினான். "மாமா, பன்னெண்டுக்கு மேல ராகு காலம். அதுக்குள்ள எடுத்துடணும்."

"உங்கக்கா காத்துகினு இருப்பாடா. அந்தப் புள்ளைங்க வயிறு காத்துகினு இருக்குமா?"

பரிமளா எழுந்தாள். வாசல் தாண்டிய பரிமளாவைக் கூப்பிட்டு, "தோட்டத்துல காய் கீதில்ல? சாம்பார்ல அள்ளிப் போடு" என்றார்.

அந்தத் தோட்டத்தை அவர் கேலி செய்யாத நாளில்லை. பிள்ளைகள் தட்டு கழுவும் தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று, தேவிகாபுரத்து அம்மா வீட்டிலிருந்து முள் கத்திரி விதை கொண்டுவந்து பள்ளிக்கூடச் சுவரோரம் போட்டாள் பொன்னம்மாள். அதோடு விட்டாளா? ஐந்தாவது முடித்து டி.சி. வாங்கிப் போகிற ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு நாற்றைத் திணிப்பாள். "டி.சி.ல ஹெட்மாஸ்டர் கையெழுத்து, நாத்துல உன் கையெழுத்தா?" என்பார். "ஆமா, உனக்கின்னா வந்துச்சி?" என்பாள்.

பரிமளா புகை நாறும் புடவையோடு திரும்பி வந்தாள். "ஒரு தட்டுலயும் மிச்சமில்லண்ணா." பிறகுதான் எடுத்தார்கள்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகி உட்கார்ந்தார். அடுப்பு எரியாத வீடு. தெருக்காரர்கள் சோறு கொண்டுவந்திருந்தார்கள். மகன் சிவகுமார் தூக்குகளைத் திறந்தான். காரக்குழம்பு, கத்திரிக்காய். கடைசல், அதுவும் கத்திரிக்காய். புளிக்குழம்பைக் கிளறினால் அதிலும் கத்திரிக்காய்.

"இன்னாப்பா இது, எல்லாரும் பேசி வெச்சிகினு ஆக்கினா மாதிரி?" என்றான் அப்பாவிடம்.

இன்னொரு தூக்கோடு வந்த எதிர்வீட்டு ராஜேஷ் கூச்சத்தோடு நின்றான். பவர்லூம் வைத்திருப்பவன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். "எங்க ஊட்லயும் டி.சி. செடிதாண்ணா காய்ச்சிகினு கீது."

"டி.சி. செடியா?" என்றான் சிவகுமார்.

"நான் அஞ்சாவது முடிச்சப்போ உங்கம்மா குட்த்தது. ஒவ்வொரு வாட்டியும் வெத எடுத்து வெச்சிருவோம். இந்தத் தெருவுல எல்லார் ஊட்லயும் அதுக்கு அதான் பேரு."

மணவாளனுக்கு இது தெரியாது. நெஞ்சு நிமிர்ந்தது. சொல்லிக்கொள்ள வேண்டியவள்தான் இல்லை.

இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாத்துலயும் ஒவ்வொரு கரண்டி ஊத்துடா."

குழம்புகள் ஒன்றோடொன்று கலந்து இலை ஓரத்துக்கு ஓடின. அவர் சோற்றால் அணை கட்டி, ஒரு சொட்டு வெளியே போகாமல் வழித்துச் சாப்பிட்டார்.