கீழப்படுகையில் ஆறு மணிக் கூட்டம்

மாவட்டக் குழந்தைகள் நல ஆலோசனைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் நானும் ஒருவன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆலோசனை சொல்வது எங்கள் அதிகாரம். கேட்காமலிருப்பது, தலைவரும் அதிகாரியுமான அண்ணாதுரையின் அதிகாரம். மிக்சர் மட்டும் பொது.

அந்த ஆனியில், பூதலூரை அடுத்த எங்கள் கீழப்படுகை அங்கன்வாடியை மூடலாமென்று கோப்பு வந்தது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பிள்ளைகளே இல்லையாம். எப்படி இருக்கும்? ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு வயல் முழுக்கப் பெண்கள் கையில். குறுவை நடவுக்கு விடியலிலேயே இறங்குகிறவர்கள், அந்நேரம் மையம் பூட்டிக்கிடப்பதால் பிள்ளையை வரப்பில் உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். முந்தின வாரம் கண்ணாத்தாளின் இரண்டு வயது மகள் வாய்க்காலில் சறுக்கி விழுந்து, முடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

மூடுமுன் குழு நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி.

“காலைல ஆறு மணிக்கே வெச்சிக்கலாங்க சார்,” என்றேன் அண்ணாதுரையிடம். “வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிரும். டிபன் நம்ம வீட்ல.”

“என்ன டிபன், ஜெக்கரியா பாய்?”

“இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா.”

“அஞ்சே முக்காலுக்கே வந்துடறேன்.”

வயலுக்குப் போகும் பாதையில், பூட்டிக்கிடந்த மையத்தின் வாசலில் நாற்காலி போட்டு, குழந்தைகள் நலக் குழு என்று பேனர் கட்டினேன். நடவுக்கு வந்த பெண்கள் பேனரைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார்கள். பிள்ளை பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

கண்ணாத்தாள் நேராக வந்து மகளை அண்ணாதுரையின் மடியில் வைத்தாள்.

“பேரு செம்மொழிங்க சார். பிஸ்கெட் குடுத்தா அழமாட்டா. வாய்க்கா பக்கம் மட்டும் விட்டுறாதீங்க.”

“ஏம்மா, நாங்க வந்து...”

அவள் அதற்குள் சேற்றில் இறங்கிவிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்துவது ஆலோசனைக் குழுவின் வேலையில்லை.

பின்னாலேயே ஆயிரம் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. அன்றைய கூட்டக் குறிப்பில் இருபது என்று எழுதியிருக்கிறார்கள், எண்ணத் தெரியாதவர்கள். எல்லாம் சேர்ந்து அழுததில் பூதலூர் ஸ்டேஷனில் ரயில் சிக்னல் இல்லாமலே நின்றது. ஓர் உறுப்பினரின் மூக்குக்கண்ணாடி சேற்றுக்குள் போனது. அண்ணாதுரை செம்மொழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடு மாதிரி கத்திக்காட்டியபடி நடந்தார். சட்டை நனைந்தது. பாயா ஆறியது.

“இதெல்லாம் இவ்ளோ நாளா எங்க இருந்துச்சு, பாய்?”

“வரப்புல சார். நீங்க பத்து மணிக்கு வந்து பாத்தீங்க.”

அவர் கரை தொட்டு ஓடும் வாய்க்காலைப் பார்த்தார். தோளில் தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்தார்.

“தீர்மானம் எழுதிக்குங்க,” என்றார் கிசுகிசுப்பாக. “மையத்த மூடுற பேச்சே இல்ல. நடவு, அறுப்பு காலத்துல காலைல ஆறு மணிக்குத் திறக்கணும். டீச்சர் காளியம்மாள் மதியமே வீட்டுக்குப் போலாம். மெதுவா எழுதுங்கய்யா, பேனா சத்தத்துல முழிச்சிக்கப் போவுது.”

அங்கேயே கையெழுத்தும் போட்டார், இடது கையால்.

உச்சிவேளையில் கண்ணாத்தாள் கரையேறி வந்தாள்.

“நாளைக்கும் இந்த சாரே வருவாரா, பாய்?”

“நாளைலேர்ந்து டீச்சர் வந்துருவாங்கம்மா,” என்றார் அண்ணாதுரை அவசரமாக.

“அவங்க நல்லாத்தான் பாப்பாங்க. இருந்தாலும் உங்க கை இவளுக்குப் புடிச்சிருக்குங்க.”

அன்று அண்ணாதுரை, ஆறிப்போனது கூடத் தெரியாமல், நாற்பது கிண்ணம் பாயா குடித்தார்.