பேசினவர்

ஒரு மனுஷி வாய்விட்டுச் சொல்லும் சொல்லுக்கு ஆக்லாந்தில் நிமிடத்துக்கு ஒன்பது டாலர். வரி தனி. அழுதுகொண்டே சொன்னாலும் அதே விலைதான், சிரித்துக்கொண்டே சொன்னாலும் தள்ளுபடி கிடையாது. தமிழில் சொன்னதை ஆங்கிலமாக்கிப் படத்தின் அடியில் ஓடவிடும் சப்டைட்டில் வேலைக்கு அந்த இணையச் செய்தித்தளம் கொடுத்த கூலி அது. ஏழு டாலரில் தொடங்கிய பேச்சை ஒன்பதுக்கு ஏற்றியவள் அபர்ணா. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குள் வளர்ந்தவள். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுவது அவள் வீட்டில், விருந்துக்குப் போய்க் கை நனைக்காமல் எழுந்து வருவதைப் போன்ற மரியாதைக் குறைவு.

அவள் இந்த ஊருக்கு வந்தது வீடியோ எடிட்டிங் படிக்க. படித்து முடித்துச் சான்றிதழும் வாங்கியாயிற்று. ஆனால் பகலெல்லாம் அவள் வெட்டிக்கொண்டிருந்தது பாட்டனி டவுன்ஸ் கடையொன்றில் ஜன்னல் திரைத்துணியை. "எடிட்டர்னா வெட்டத்தானே தெரியணும், வெட்டிக்கிட்டுத்தானே இருக்கே?" என்று ஊரிலிருந்து அண்ணன் சரத் போனில் கிண்டலடிப்பான். அவளும் சிரிப்பாள். விசாவில் மீதமிருந்த மாதங்கள்தான் சிரிக்கவில்லை. படித்த துறையில் வேலை கிடைத்தால் இங்கே காலூன்றலாம். கிடைக்காவிட்டால் துணி அளக்கும் கைப்பழக்கத்தோடு ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அந்தப் பழக்கத்துக்குப் பஞ்சமே இல்லை.

செய்தித்தளத்தின் தயாரிப்பாளர் மார்கரெட், மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர்; பேச்சை 'லா' என்று முடிக்கும் அந்த ஊர்ப் பழக்கம் இன்னும் விடவில்லை. 'மேடம்' என்றால் அவருக்குக் கோபம் வரும். வெறும் பெயரைச் சொல்ல அபர்ணாவுக்கு நாக்கு எழாது. இரண்டுக்கும் நடுவே 'மார்கரெட்க்கா' என்று படிந்திருந்தது.

"ஒரு டிரையல் கொடுக்கிறேன்," என்றார் மார்கரெட். "ஞாயித்துக்கிழமை 'நம்ம ஆளுங்க'ன்னு ஒரு பகுதி போடறோம்ல, அதுக்கு நாலு நிமிஷப் படம். ஷூட், எடிட், சப்டைட்டில் எல்லாம் நீயே. நல்லா வந்தா இங்க எடிட்டர் நாற்காலி உனக்கு."

"நல்லா வரலேன்னா, அக்கா?"

"அப்புறம் எதுக்கு லா நாற்காலியப் பாக்கறே?"

படத்துக்கு ஆள் கிடைத்தது ஆக்லாந்தின் தென்கோடியில், பாபகூராவில். ரதிதேவி, யாழ்ப்பாணத்துக்காரர். காய்கறி பொதிசெய்யும் கூடமொன்றில் ஆண்டுக்கணக்காக வெங்காயம் தரம் பிரித்தவர். இப்போது சொந்தமாக றோல்ஸ், பற்றிஸ் என்று உள்ளே மசாலா வைத்துப் பொரிக்கும் இலங்கைப் பலகாரங்கள் செய்து பிறந்தநாள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுக்கிறார். அவருடைய சமையல் மேசைக்கு எதிரே கேமராவை நிறுத்தி, எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அபர்ணா கேட்டாள்.

ரதிதேவி மாவை உருட்டிக்கொண்டே சிரித்தார். "ஒருநாள் முதலாளி எல்லாருக்கும் முன்னால என்னைப் பேசினவர். அண்டைக்கே நினைச்சனான், இனிச் சொந்தக் காலில நிக்கிறதெண்டு."

அபர்ணா தலையாட்டினாள். வினை அந்தத் தலையாட்டலில்தான் வந்தது. முதலாளி இவரைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் நாலு நல்ல வார்த்தை பேசினார், அதில் இவருக்குத் தைரியம் பிறந்தது என்றுதான் ஈரோட்டுக் காதில் விழுந்தது. 'ஓம்' என்றால் ஆமாம், 'கதைக்கிறது' என்றால் பேசுவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாத சொல்லென்றால் யாரிடமாவது கேட்டிருப்பாள். தெரிந்த சொல்லை யார் சந்தேகப்படுவார்கள்?

எடிட் செய்தபோது அந்த வரிக்கு அடியில் இசையை மெல்ல ஏற்றினாள். அத்தோடு விட்டாளா? முதலாளியின் படம் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பொதிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டாள். மனிதர் தொப்பி வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் படத்தை உடனே அனுப்பிவைத்தார். ரதிதேவியை நினைத்துப் பெருமைப்படுவதாக ஒரு வரியும் கூடவே வந்தது.

வியாழக்கிழமை படத்தைப் பார்த்த மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே அழுகை வந்துடுச்சு லா," என்றார். தலைப்பையும் அவரே வைத்தார்: 'கைதூக்கிவிட்ட முதலாளி'.

அந்த மாலை அபர்ணா சான்ட்ரிங்ஹாமில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோதிலிங்கத்தின் மளிகைக்கடைக்குள் நுழைந்தபோது கால் தரையில் இல்லை. நாற்காலி கிடைத்த மாதிரிதான். சாம்பார் வைத்துத் தின்று கொண்டாட வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணா, இந்த முருங்கைக்காய் ஃபிஜியிலேர்ந்து நடந்தே வந்துச்சா? இப்படி வாடியிருக்கு. பாதி விலை போடுங்க."

"பிள்ளை, நீர் கேட்டுக் கேட்டே என்ர கடையைப் பூட்டப் பண்ணிப்போடுவீர். பாதிக்குக் குடுத்தா மனிசி பேசுவா."

"பேசட்டுமே. என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க."

"உம்மைப் பற்றியோ? என்னையெல்லோ பேசுவா!" சோதிலிங்கம் உள்ளே மனைவி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தேங்காய்க்கு விலை குறைச்சதுக்குப் போன கிழமை பேசின பேச்சில, நான் வாய் திறந்து சாப்பாடு கேக்கேல்லை."

அபர்ணாவின் கை முருங்கைக்காயோடு அப்படியே நின்றது. "அண்ணா, பேசறதுன்னா?"

"பேசிறதெண்டா ஏசிறது. நீங்கள் சொல்லுவியள், திட்டுறது."

"அப்போ நாங்க பேசறது?"

"அது கதைக்கிறது."

முருங்கைக்காயை அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு அபர்ணா வெளியே நடந்தாள். சோதிலிங்கம் பயந்துபோனார். "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று வாசல்வரை வந்து கேட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றே ரதிதேவியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, முதலாளி உங்களைப் பேசினார்னு சொன்னீங்களே, என்ன பேசினார்?"

"அதையேன் பிள்ளை இப்ப கேக்கிறீர்? ஒரு பெட்டி வெங்காயம் கைதவறி விழுந்திட்டுது. எல்லாரையும் வேலையை நிப்பாட்டிச் சுத்திவர நிக்கவைச்சு, மாடெண்டும் மூளையில்லாததெண்டும் பேசினவர்."

"சிரிச்சுக்கிட்டேல்ல சொன்னீங்க?"

"கமராவைப் பாத்து அழுறதே? பற்றிஸ் வாங்கிற சனம் பாக்கிற படமெல்லோ!"

அபர்ணா தான் செய்து வைத்திருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இசையைச் சொன்னாள், தொப்பியைச் சொன்னாள், தலைப்பையும் சொன்னாள். மறுபக்கம் முதலில் பெரிய சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"பிள்ளை, உம்மட வேலைக்கு இடைஞ்சலெண்டா அந்தக் கதையையே எடுத்துவிடும். நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா அவர் என்னைத் தூக்கிவிட்டவரெண்டு மட்டும் வேண்டாம். அங்க இப்பவும் எங்கட பெட்டையள் வேலை செய்யினம். அண்டைக்குச் சுத்திவர நிண்ட பிள்ளையள். அதைப் பாத்தா என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

வீடு போகும் வழியெல்லாம் அபர்ணாவின் தலைக்குள் சந்தைதான் நடந்தது. அந்த ஒரு வரியை வெட்டு, தொப்பிக்காரரின் படத்தை எடு, தலைப்பை மாற்று. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. மார்கரெட்டிடம் 'இப்படி இன்னும் அழகா இருக்கு' என்றால் போயிற்று. துணியில் கிழிசல் இருந்தால் உள்மடிப்பில் வைத்துக் கொடுக்க எந்த வியாபாரிக்குத் தெரியாது? ரதிதேவியே சரியென்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை படம் வரும், திங்கட்கிழமை நாற்காலி வரும். ஆனால் வெட்டிய பிறகு என்ன மிஞ்சும்? ஒரு பெண் வெங்காயம் பிரித்தாள், பிறகு றோல்ஸ் சுற்றினாள். நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. அது கதையில்லை, விளம்பரம். அதைவிட, சுற்றிவர நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது தெரியும். அவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

காலையில் மார்கரெட்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மார்கரெட்க்கா, படத்துல ஒரு தப்பு."

"கலரா, சவுண்டா?"

"அர்த்தம்."

மார்கரெட் கேட்டு முடித்துவிட்டு, "அட ஆண்டவரே, அந்த ஆளுகிட்ட போட்டோ வேற வாங்கிட்டோமே!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"சரி. சுலபமான வழி, அந்த வரிய வெட்டிடு. ஞாயித்துக்கிழமை போயிடும்."

"வெட்டலாம்தான். ஆனா அந்த வரிதான் அக்கா கதையே."

"அத வெச்சா அது 'நம்ம ஆளுங்க' இல்லே, குற்றச்சாட்டு. அவருகிட்ட பதில் கேக்கணும். நானும் பாத்தேன்னு வேற யாராச்சும் சொல்லணும். வக்கீலுக்கு அனுப்பணும். ஞாயித்துக்கிழமை போச்சு. உன் டிரையல்ல நான் என்னன்னு எழுதறது, நேரத்துக்கு முடிக்கலேன்னா?"

விலை சொல்லிவிட்டார்கள் என்பதற்காகக் கடையைவிட்டு இறங்கிவிட முடியுமா?

"ஞாயித்துக்கிழமைக்கு வேற சரக்கு தரேன் அக்கா. றோல்ஸ் சுத்தற கை மட்டும், பேச்சே இல்லாம ஒரு சின்னப் படம். எடுத்தது நிறைய இருக்கு. இன்னிக்கே தரேன். முழுக்கதைக்கு ஒரு வாரம் குடுங்க."

"மூணு நாள்."

"அஞ்சு."

"நாலு. சாட்சியும் நீயே தேடிப் பிடி."

"சரிக்கா."

"உடனே சரிங்கறியே. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அஞ்சு கொடுத்திருப்பேன் லா."

அந்த நாலு நாளும் கடை வேலை முடிந்ததும் அபர்ணா ரயிலேறி பாபகூராவுக்குப் போனாள். ரதிதேவி கொடுத்த எண்களில் பாதிப்பேர் போனையே எடுக்கவில்லை. எடுத்தவர்களும் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்று நழுவினார்கள். கடைசியில் விக்னேஸ்வரி என்ற பெண் ஒத்துக்கொண்டாள். இன்னும் அதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். அன்று ரதிதேவிக்குப் பக்கத்தில் நின்றவள்.

"குரலை மட்டும் எடும். பேரும் வேண்டாம், முகமும் வேண்டாம்," என்றாள். "வேற இடத்தில வேலை எடுத்தாப்பிறகு நானே கூப்பிடுறன். அப்ப வந்து முகத்தையும் எடும். அவர் பேசேக்குள்ள நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அதையும் நான் சொல்லத்தான் வேணும்."

முதலாளியின் பதில் மின்னஞ்சலில் வந்தது. அறுவடை நேரத்து நெருக்கடியில் குரல் உயர்ந்திருக்கலாம் என்று ஒரு வரி. தன் படத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று மறு வரி. "'உயர்ந்திருக்கலாம்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரே, இதுக்கு மேல என்ன லா வேணும்!" என்று மார்கரெட் அதை வக்கீலுக்குத் தள்ளினார்.

இந்தமுறை ஒவ்வொரு சப்டைட்டில் வரியையும் ரதிதேவிக்குப் போனில் வாசித்துக் காட்டி, அவர் ஓம் என்ற பிறகே அபர்ணா அடுத்த வரிக்குப் போனாள். நல்லவேளை. 'பற்றிஸ் எண்டா கெதியா வித்துப்போடலாம்' என்று அவர் சொன்னதை, பற்றிஸ்தான் தன் கதி என்று அவர் புலம்புவதாக எழுதி வைத்திருந்தாள்.

"கெதியா எண்டா சுறுக்கா, பிள்ளை!" என்று ரதிதேவி மூச்சு வாங்கச் சிரித்தார். "நல்லகாலம். இல்லாட்டி ஊரே எனக்குக் காசு சேத்திருக்கும்."

படம் வெளியானது. கைதட்டவும் கண்ணீர் விடவும் வருகிற வழக்கமான கூட்டம் இதற்கு வரவில்லை. வந்தவர்கள் கடைசிவரை பார்த்தார்கள். எங்கள் இடத்திலும் இப்படித்தான் என்று வேறு ஊர்களிலிருந்து எழுதினார்கள். அந்தப் பின்னூட்டங்களை வாசித்துவிட்டு மார்கரெட் அபர்ணாவைக் கூப்பிட்டார்.

"நிரந்தரம்னு இப்போ கையெழுத்துப் போட மாட்டேன். மூணு மாசம். அப்புறம் பேசலாம்."

"எந்தப் பேச்சு அக்கா, நம்ம பேச்சா, யாழ்ப்பாணப் பேச்சா?"

"மூணு மாசம் கழிச்சுத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மார்கரெட் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்து அபர்ணா மனதுக்குள் கணக்கை முடித்தாள். செலவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'நிரந்தரம்' என்கிற சொல், தொப்பிக்காரர் ஒருவரின் நல்லெண்ணம். வரவில் மூன்று மாதம், உட்கார ஓர் இடம், திரையில் தன் பெயர், கேட்டெழுதக் கற்றுக்கொண்ட காது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான். ஆனால் பாக்கி ஒன்று நின்றது: விக்னேஸ்வரியின் முகம். அவள் எப்போது கூப்பிடுகிறாளோ அப்போது கேமராவோடு போய்த் தீர்க்க வேண்டியது. அதை அபர்ணா தன் பேரிலேயே பற்று எழுதிக்கொண்டாள்.