சாய்ந்த நான்கு வரிகள்

ஓடு மாற்றுவதற்காகப் பெரியநாயகி வீட்டுக் கூரையைப் பிரித்தபோது, பரணில் கிடந்த தகரப்பெட்டிக்குள் அந்தத் தாள் இருந்தது. ஓரமெல்லாம் நீலமும் பொன்னுமாகப் பூங்கொடி. நடுவில், கீழ்மூலையிலிருந்து மேல்மூலைக்குச் சாய்ந்து ஏறும் நான்கு கறுப்பு வரிகள். ஊரில் யாருக்கும் தெரியாத எழுத்து.

பார்த்த மாத்திரத்தில் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டார்: "இது நவாபு காலத்துப் பத்திரம். மூத்தவன் வம்சத்துக்குத்தான் பூமின்னு எழுதிக்கீது."

மூத்தவர் அவர்தான். பெரியநாயகி அவருடைய தம்பி மனைவி. கணவர் இறந்து ஆறு வருடமாக எலவனாசூர்கோட்டை ஏரிக்குக் கீழே அவர் பங்காக இருந்த இரண்டு ஏக்கரில் தனியாகப் பாடுபட்டு வந்தாள். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான். அதனால் கொளஞ்சியப்பன் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் பத்திரத்தைப் பற்றிப் பேசப்பேச, அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

தாள் அவள் வீட்டில்தான் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அடுப்பை மூட்டி, அதை நெருப்புக்கு அருகே கொண்டுபோனாள். வெளிச்சம் பட்டதும் வரிகளைச் சுற்றியிருந்த பொன் மினுங்கியது. எவரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டிய கோடுகள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எரித்துவிட்டால் பயம் போய்விடுமா என்ன?

மறுநாள் காலையில் கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, படிக்கத் தெரிஞ்சவங்க கிட்ட போவலாம். இன்னா எழுதிக்கீதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "போவலாம், போவலாம்" என்று இழுத்தார்.

நவாபு காலத்து எழுத்தென்றால் பாரசீகமாக இருக்கும் என்றார்கள். விசாரித்ததில், சென்னைக் கல்லூரியில் பாரசீகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஷாகிரா பானு கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. இருவரும் பஸ் ஏறினார்கள். இறங்கியதும் கொளஞ்சியப்பன் ஒரு ஜெராக்ஸ் கடையைக் காட்டி, "லேமினேஷன் போட்டுக்கினு போவலாமா?" என்றார். "படிச்ச பொறவு போட்டுக்கலாம் மாமா" என்று அவள் நடந்தாள்.

ஷாகிரா பானு தாளைச் சன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"எங்க வூட்டுப் பரண்ல மேடம். பத்திரந்தானே இது?" என்று கொளஞ்சியப்பன் முந்திக்கொண்டார்.

"பத்திரமா? இல்லைங்க ஐயா. பத்திரம்னா முத்திரை இருக்கும், தேதி இருக்கும், ஊர்ப் பேரு இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. அழகான கையெழுத்தை ஆல்பத்துல ஒட்டி வச்சுப் பார்த்து ரசிப்பாங்க. இது அந்த மாதிரி ஒரு பக்கம். வரியைச் சுத்தி மேகம் மாதிரி இடம் விட்டு, மீதியில பொன்னு பூசியிருக்காங்க பாருங்க."

"அப்ப இன்னாதான் எழுதிக்கீது?" என்று பெரியநாயகி கேட்டாள்.

ஷாகிரா பானு விரலால் தொடாமல் வரிகளைக் காட்டி, வலமிருந்து இடமாகப் படித்து, தமிழில் சொன்னார்:

"வந்தவரே, சற்று அமரும். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. தோட்டத்தில் ரோஜா வாடவில்லை. பொழுதும் இன்னும் போய்விடவில்லை." பிறகு மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தைக் காட்டினார். "இங்க, 'எழுதியவன் ஒரு ஏழை, பிழை பொறுக்கவும்'னு கையெழுத்துப் போட்டிருக்கான். அவ்வளவுதான்."

"பூமியப் பத்தி?"

"ஒரு எழுத்தும் இல்லம்மா."

பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போய்விட்டது.

லேமினேஷன் போடலாமா என்று கொளஞ்சியப்பன் கேட்டதற்கு, கூடவே கூடாது என்று ஷாகிரா பானு கண்டித்துச் சொல்லி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் கொளஞ்சியப்பன் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"ஊரு முன்னாடி வாய விட்டுட்டேன். அப்பால எப்புடிப் பின்வாங்கறதுன்னு தெரியல. எனக்குந் தூக்கம் கெட்டுச்சு, நாயகி."

"இப்ப ஊருக்கு இன்னா சொல்லுவீங்க?"

"ரோஜாப் பூவப் பத்தி எழுதிக்கீதுன்னு சொல்றேன். சிரிச்சா சிரிக்கட்டும்." சற்று நடந்துவிட்டுத் திரும்பினார். "பட்டாவ ரெண்டாப் பிரிச்சி, ஒன் பங்க ஒன் பேருக்கே மாத்திடலாம். கலெக்டர் ஆபீஸு இங்கதானே கீது, இன்னா செய்யணும்னு கையோட கேட்டுக்கினே போவலாம் வா."

அவள் துணிச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்கு இணையாக நடந்தாள்.