ஆறரை பஸ்ஸுக்கு ஓடியவர்

மாமனாரின் கார் பின்னால் வந்து சேர்ந்துகொண்டபோது மாப்பிள்ளை பாதி தூரம் ஓடியிருந்தார். இருபுறமும் ஆளுயரச் சோளம், நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தார்ரோடு, வலப்பக்கம் வாய்க்கால், இடப்பக்கம் முள்வேலி. கார் முந்தவுமில்லை, நிற்கவுமில்லை. விளக்கை அவர் முதுகில் போட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல ஊர்ந்தது.

“முழங்கால இன்னும் தூக்கணும் மாப்பிள்ளை! மூச்ச மூக்கால விடுங்க!”

மாமனாரை எல்லோரும் சேர்மன் என்பார்கள். விவசாயிகள் சங்கம் ஒன்றுக்குப் பதினோரு மாதம் தலைவராக இருந்தார். சங்கம் போய்விட்டது, சேர்மன் போகவில்லை. தன் மர அறுவை மில்லில் மருமகனை மேனேஜராக உட்காரவைத்திருந்தார். சேர்மன் பேசும்போது தலையாட்டுவது மேனேஜரின் வேலை. ஆறு வருடத்தில் கழுத்து நன்றாகப் பழகிவிட்டது. படித்தது என்னவோ பாலங்களுக்கு வரைபடம் போட. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று இதற்கு முன் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் சேர்மன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வாயு என்றார் டாக்டர். மூன்றாவது தடவை அது வாயுவாக இருக்காது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

இப்போது வந்திருக்கும் வேலையைப் பற்றி மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் போய் நிற்காவிட்டால் அது அடுத்த ஆளுக்கு. பெட்டியோடு வாசலைத் தாண்ட முடியாது, பனியனோடு தாண்டலாம். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் மெயின் ரோடு வரை ஓடிக் காட்டினார். இன்று சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் வயிற்றோடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியவள் அவள்தான். “ஆறரை பஸ்ஸ விட்டுடாதீங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஓடுங்க, போதும்.”

சந்தேகம் வரவில்லை. பெருமை வந்துவிட்டது. மருமகன் பந்தயத்துக்குத் தயாராகிறார் என்று மில்லுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் சேர்மனே அதை நம்பிவிட்டார். பயிற்சியாளர் பதவியை ஏற்க, தானே தீர்மானம் போட்டுத் தானே வழிமொழிந்து, இந்தச் சாயங்காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

மெயின் ரோட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கீழே நின்று யாருடைய மூட்டையையோ பின்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படியில் ஒரு காலை வைத்தார்.

“என்ன மாப்பிள்ளை, கால் பிடிச்சிக்கிச்சா?” சேர்மன் காரைவிட்டு இறங்கி வந்தார்.

“ஏறுறீங்களா இல்லையா சார்?” என்றார் கண்டக்டர்.

“அவரா? பஸ்ல ஏறுற ஆளு இல்லப்பா அவரு. பஸ்ஸையே தோக்கடிக்கிற ஆளு.”

சொல்லிவிடலாம். நாலு வார்த்தை போதும். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சேர்மனின் கை நெஞ்சுக்குப் போனது.

“மாமா!” படியிலிருந்த கால் தானாகக் கீழே இறங்கியது.

சேர்மன் சட்டைப்பையிலிருந்து புத்தம்புது விசில் ஒன்றை எடுத்தார். “நின்னா உடம்புச் சூடு ஆறிடும். ரெடி!” இரண்டு முறை ஊதினார்.

ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் புறப்படு. ஊதியது யார் என்று பார்ப்பது டிரைவரின் வேலையில்லை. பஸ் புறப்பட்டது.

“யோவ், நான் ஊதலய்யா!” கண்டக்டர் கத்திக்கொண்டே தாவிப் பின்படியில் தொற்றினார். மாப்பிள்ளை ஓடினார். மூன்று வாரம் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார், பஸ் தயங்கியது. “வாய்யா, வந்துடு!” என்று கையை நீட்டினார். நாலடி. மூன்றடி.

பின்னால் கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. “அப்படித்தான்! விடாதீங்க மாப்பிள்ளை!” வேகம் எப்படி என்று காட்டுவதற்காக, கார் அவரை உரசிக்கொண்டு முந்தி, பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவே புகுந்தது. உள்ளேயிருந்து இரண்டு விசில். பஸ் வேகமெடுத்தது. கண்டக்டர் ஒன்று ஊதினார். கார் இரண்டு ஊதியது.

மாப்பிள்ளை நிற்கவில்லை. புழுதிக்குள் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே போனது. அதை மறைத்துக்கொண்டு, கார் ஜன்னலிலிருந்து நீண்ட கனத்த கை ஒன்று, வாங்க, வாங்க என்று ஆசையாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.