ஒரு சென்ரிமீற்றரில் பதினாறு புள்ளிகள்

வெள்ளவத்தை காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாரங்கன், அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளையம்மா என்ற பெண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெவ்லொக் டவுனில் ஒரு தையல் கடையில் நாள் முழுக்க ஊசி நூலோடு மாரடிக்கிறவர் அவர்.

"வெளிச்சம் கண்ணக் குத்துதுங்க தம்பி. தலவலி தாங்கல."

"அதுக்கெண்டே விசேஷமாப் பூச்சுப் போட்ட லென்ஸ் அம்மா இது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா கண்ணுக்கு நல்லது."

வெள்ளையம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த லென்ஸில் பூச்சும் இல்லை, கீச்சும் இல்லை. வெறும் சாதாரண லென்ஸ்.

மூலைக் கதிரையில் இருந்த சிவபாலன் கண்ணைச் சிமிட்டினார். அவர் சாரங்கனின் அக்கா புருஷன்.

"சனத்துக்கு வித்தியாசம் தெரியாது அத்தான்" என்றார் சாரங்கன். அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இருவரும் ரீவி வாங்கப் புறப்பட நின்றார்கள். ஒரு கிழமையாக வீட்டில் வேறு கதையே இல்லை. சாரங்கனுக்குப் படம் பார்க்க வேண்டும். ஏ.எல். சோதனை முடித்துவிட்டு இருக்கும் மகள் தாரிகாவுக்குக் கேம் விளையாட வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, திரையில் புள்ளிகள் மிக நெருக்கமாக இருக்கும் எயிட் கேதான் வேண்டும் என்று துள்ளியவர் சாரங்கன். முதல்நாள் இரவு தாரிகா அளவுநாடாவை எடுத்துச் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே பிடித்தாள். ஏழு அடி.

"இவ்வளவு தூரத்தில இருந்து பாக்க எயிட் கே வீண் அப்பா. படம் மட்டுமெண்டா ஃபுல் எச்டியே காணும். கேமில சின்னச் சின்ன எழுத்தெல்லாம் தெளிவா விழோணும், அதுக்கு ஃபோர் கே வேணும். பெட்டியில இருக்கிற பெரிய எழுத்தை நம்பாதேங்கோ. மொடல் நம்பரைக் கேட்டு எனக்கு அனுப்புங்கோ."

"மாமாட்டப் போய் மொடல் நம்பர் கேக்கிறதோ? உனக்கென்ன விசரே?"

சிவபாலன் புறக்கோட்டையில் ஒரு மின்சாரப் பொருள் கடையில் மனேஜர். அப்பா செத்த பிறகு சாரங்கனை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து, படிக்கவைத்து, கடை போட்டுக் கொடுத்தவர். அவரிடம் மொடல் நம்பர் கேட்பதும் முகத்தில் அறைவதும் ஒன்றுதான் என்று சாரங்கன் நினைத்தார்.

புறக்கோட்டைக் கடையில் அத்தான் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஐம்பத்தஞ்சு இஞ்சி, ஃபோர் கே. உனக்கெண்டே எடுத்து வச்சனான்." பொடி எழுத்தை வாசிக்க ஊருக்கெல்லாம் கண்ணாடி கொடுக்கிற மனிதர், அந்தப் பெட்டியின் பொடி எழுத்தை எட்டியும் பார்க்கவில்லை.

மூன்று கிழமை சந்தோஷமாகப் போனது. படங்கள் கண்ணைப் பறித்தன. கேமில்தான் எழுத்துகள் பிசிறின. தாரிகா கேம் மெஷினின் செற்றிங்கைத் திறந்து காட்டினாள். இந்த ரீவி ஃபுல் எச்டிதான் எடுக்கும் என்று அதில் இருந்தது.

"வயர் பிழையா இருக்கும்" என்று சாரங்கன் எரிந்து விழுந்தார். மூன்று வயர் மாற்றியும் அதே கதைதான்.

"இந்த அளவு ரீவி ஃபோர் கே எண்டா, ஒரு சென்ரிமீற்றருக்கு முப்பது புள்ளிக்கு மேல இருக்கோணும் அப்பா. ஃபுல் எச்டி எண்டா அதில பாதி. லென்ஸில கீறல் பாக்கிற உங்கட பூதக்கண்ணாடியைக் கொண்டுவாங்கோ, எண்ணிப் பாப்பம்."

சாரங்கன் அடிமட்டத்தைத் திரையில் வைத்து, பூதக்கண்ணாடியால் எண்ணினார். பதினாறு. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். பதினாறேதான்.

வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பார். அத்தானுக்கும் தெரியாமல் நடந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு அத்தான் வீட்டுக்குப் போனார்.

"அது ஃபோர் கே இல்லை அத்தான். உங்களுக்குத் தெரியாதுதானே? தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் பேசாமப் போறன்."

சிவபாலன் பேப்பரை மடித்து வைத்தார். "தெரியாம என்ன? கன நாளாக் கடையில கிடந்தது, முதலாளி எப்பிடியாவது தள்ளச் சொன்னவர். மூண்டு கிழமை சந்தோசமாத்தானே பாத்தனீ? நீதானே சொன்னனீ, சனத்துக்கு வித்தியாசம் தெரியாதெண்டு."

சாரங்கன் கேட்டார்: "நான் சனமோ அத்தான்?"

சிவபாலன் மறுபடி பேப்பரை விரித்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சாரங்கன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் சனமோ, நான் சனமோ என்று அந்தக் கேள்வியே உள்ளே ஓடியது. பம்பலப்பிட்டி தாண்டும்போது, கும்பிட்டுவிட்டுப் போன வெள்ளையம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு அவருக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

திங்கட்கிழமை பில்லில் இருந்த நம்பருக்கு ஃபோன் எடுத்து வெள்ளையம்மாவை வரச்சொன்னார். துணைக்கு வந்திருந்த தாரிகாவின் முன்னாலேயே உண்மையைச் சொன்னார். வெள்ளையம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கடைன்னு நாலு பேருகிட்ட சொன்னேனுங்களே தம்பி."

"காசைத் திருப்பித் தாறன் அம்மா. அசல் லென்ஸும் சும்மா போட்டுத் தாறன்."

வெள்ளையம்மா காசை மட்டும் வாங்கிக்கொண்டார். "லென்ஸ் வேணாங்க. வேற எடத்துல பாத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்? எல்லாம் தெரிஞ்சிருந்தா நீங்க எதுக்கு?"

கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனார். சாரங்கன் மேசை லாச்சியைத் திறந்து பழைய பில் புத்தகங்களை வெளியே எடுத்தார்.

"இன்னும் எத்தினை பேர் அப்பா?" தாரிகாவின் குரலில் கோபமும் அழுகையும் இருந்தன.

சாரங்கன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த நம்பரை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"தெரியாதவையை ஏமாத்துறதைக் கெட்டித்தனமெண்டு நினைச்சிருந்தனான் பிள்ளை. அவை எங்களை நம்பித்தான் வாறவை. நம்பி வந்தவையை வித்துத் தின்னப் பழகினா, கடைசியில எங்களுக்கும் நம்பிப் போக ஒரு வாசல் மிஞ்சாது."