ஒரு பாவாடை அகலம்

மார்ச் மாத ஊர்க்கூட்டம் முடிந்த மறுநாள் காலை, நான்கு ஆண்கள் மிட்டி ப்ரௌட்டியை நாற்காலியோடு தூக்கி, முன்வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவந்தார்கள். வந்து பார்த்தால் அது அவளுடைய சமையலறையாக இருந்தது. அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. சரி, வாசல் மாறிவிட்டது என்று பின்கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தது அவள் படுக்கையறை. மேப்பிள் மரங்களில் பாகு காய்ச்சுகிற சாறு இறங்கத் தொடங்கியிருந்த வாரம் அது, ஒவ்வொருவனுக்கும் தலைக்கு மேல் வேலை கிடந்தது. அதனால் நால்வருக்கும் ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் ஊர் ஸ்டோவர் ஹாலோ, வெர்மாண்ட் மலைகளுக்குள் இருக்கிறது. மிட்டிக்கு அவள் அப்பன் வைத்த முழுப்பெயர் சப்மிட். எங்கள் பேச்சில் அதற்கு ‘அடங்கிப் போ’ என்று அர்த்தம். தம்பிக்கு ஆன்செல் என்று வைத்தான். ஆண்பிள்ளைக்கு அர்த்தம் எதுவும் தேவைப்படவில்லை. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். ஆன்செல் பாஸ்டனுக்குப் போய்த் தொப்பிக் கடையில் வேலை பார்த்தான், ஓர்ஃபா என்கிறவளைக் கட்டிக்கொண்டான். மிட்டி இருபது வருஷத்துக்கும் மேலாகப் பக்கவாதத்தில் கிடந்த அப்பனைத் துடைத்தாள், புரட்டிப் போட்டாள், ஊட்டினாள். பன்னிரண்டு மாடு கறந்தாள். அந்த வீட்டின் பைன் பலகைத் தரையை மணலும் சாம்பலும் போட்டு முட்டிபோட்டுத் தேய்த்தாள், வாரத்துக்கு இரண்டு தடவை. ஊரில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போனாள்.

அப்பன் செத்ததும் கூடத்தில் உயிலைப் படித்தார்கள். வீடு, நிலம், மாடு எல்லாம் ஆன்செலுக்கு. மகள் கல்யாணம் செய்யாமல் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறவரை அவளுக்கு வடகிழக்கு மூலை அறை, அந்த அறையிலிருந்து சமையலறை வழியாகக் கிணற்றுக்குப் போய்வரும் உரிமை, வாசல் ஆப்பிள் மரத்தில் ஒரு கிளை. எங்கள் பக்கம் கல்யாணமாகாத மகள்களுக்கு எல்லா அப்பன்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். “தங்கமான மனுஷன்யா, பொண்ணத் தெருவுல விடல பாருங்க” என்று எல்லோரும் மெச்சிக்கொண்டு இழவுவீட்டுப் பன்றிக்கறியைத் தின்றார்கள். தங்கமாம் தங்கம்! இவள் தூக்கிப் புரட்டிய முதுகுக்கு ஆப்பிள் மரத்தில் ஒரு கிளை.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்கள். பாஸ்டனிலிருந்து ஆன்செலோடு ஓர்ஃபா குடிவந்த அடுத்த வாரமே, களஞ்சியத்துக்குப் பூசி மிஞ்சிய சிவப்புச் சாயத்தை எடுத்து, மிட்டியின் அறைவாசலிலிருந்து பின்கதவு வரை சமையலறைத் தரையில் இரண்டு கோடு இழுத்தாள்.

“இது ஒன் வழி. பாவாட அகலம் பாத்துத்தான் போட்டிருக்கேன். கோட்டுக்குள்ள நடந்தீன்னா நமக்குள்ள சண்டையே வராது, பாரேன்.”

ஒவ்வொரு வசந்தத்திலும் கோட்டைப் புதுப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் உள்ளே தள்ளிப் புதுப்பித்தாள். மிட்டி பாவாடையைப் பிடித்து ஒடுக்கிக்கொண்டு, தான் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய தரையில் கயிற்றில் நடப்பவள் போல நடந்தாள். ஒரு திங்கட்கிழமை, துவைக்கிற நாள், வாளித் தண்ணீர் கொஞ்சம் கோட்டுக்கு வெளியே சிந்திவிட்டது.

“தொடச்சு விடு. ஆனா கோட்டத் தாண்டி மண்டி போடாத” என்றாள் ஓர்ஃபா.

மிட்டி வாளியை அங்கேயே வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேவாலயத்துக்கு வரவில்லை, கடைக்கு வரவில்லை, காய்ச்சல் வீட்டுக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டு விதவை டிர்ஸா ஜன்னல் வழியாக ரொட்டியும் பாலும் கொடுத்தாள். மிட்டி பதிலுக்குத் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு பெண் கதவைச் சாத்தினால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரியும்: எவனோ ஏமாற்றிவிட்டான். முதலில் ஒரு தகர வியாபாரி என்றார்கள். அவன் வழுக்கையன், கதைக்குச் சரிப்படவில்லை என்று மாலுமியாக்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லாத எங்கள் ஊரில், மிட்டிக்காக ஒரு மாலுமியைப் புயலில் மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் அவனை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள். தரையில் இருந்த கோட்டைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பொய்; வேண்டியபோது நன்றாகவே மூடிக்கொள்ளும்.

அந்த இலையுதிர் காலத்தில் கோடு தானாகவே வெளிப்பக்கம் நகர ஆரம்பித்தது. முதலில் ஒரு பலகை அகலம். ஓர்ஃபா புருஷனைத் திட்டிவிட்டுச் சுரண்டி மறுபடி வரைந்தாள். மறுவாரம் இரண்டு பலகை. ஆன்செல் தச்சனை வைத்துத் தரையையே மாற்றினான். புதுப் பலகையில் சிவப்பு தானாக ஊறி வந்தது. அடுத்த வருஷம் கோடு மாவுப் பீப்பாயைத் தாண்டியது, அதற்கடுத்த வருஷம் அடுப்பைத் தாண்டியது. அடுப்பு தன் பக்கம் வந்த அன்று மிட்டி கதவைத் திறந்துகொண்டு வந்து தீ மூட்டினாள். பிறகு கூடம், மாடிப்படி, மேலறைகள். கோட்டை மதிக்காமல் கால் வைத்தவர்களுக்குக் கால் மரத்துப்போனது, வேறு தொந்தரவு இல்லை. கடைசியில் ஆன்செல், ஓர்ஃபா இருவருக்கும் மிஞ்சியது முன்வாசலிலிருந்து கிணறு வரை ஒரு பாவாடை அகலம். அதில் நீளவாக்கில் கட்டில் போட்டு, தலைமாடும் கால்மாடுமாகப் படுத்தார்கள்.

“எடம் குடுத்தா மடத்தப் புடுங்கறா” என்று ஓர்ஃபா கடையில் வைத்து அழுதாள். இடம் கொடுத்தாளாம், இவள்!

மிட்டி வேறெங்காவது குடியேறினால் உயிலின்படி அவள் பங்கு போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஆன்செல் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். பாலத்துக்குப் பலகை மாற்றுவதற்கும் அவிழ்த்துவிட்ட பன்றிகளைப் பிடித்து அடைப்பதற்கும் நடுவில் அவன் விஷயம் வந்தது. “எங்க அக்கா நல்லதுக்குத்தான் சொல்றேன். தனியா கெடந்து புத்தி பேதலிச்சுப் போச்சு. பைத்தியக்கார ஆஸ்பத்திரில நாலு பேரு தொணைக்கு இருப்பாங்க” என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது. ஊரே அதற்குக் கைக்குட்டை நீட்டியது. ஆண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். எங்கள் கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. மதியச் சாப்பாடு பரிமாறலாம். டிர்ஸா மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் பானைக்குள் எறிந்துவிட்டு வெளியே போனாள்.

அப்படித்தான் அந்த நாற்காலி தூக்கப்பட்டது. முன்னால் பிடித்தவன் காவல்காரன் லைமன். அவன் பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டபோது கூடவே இருந்து பிழைக்க வைத்தவள் மிட்டிதான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“லைமன், பாத்துப்பா. நெலப்படி தட்டும்” என்றாள் அவள், மடியில் கிழிந்த காலுறையைத் தைத்தபடி.

ஜன்னல் வழியாக இறக்கிப் பார்த்தார்கள், கூடம். நிலவறை வழியாக ஏற்றினார்கள்; மாடி. கூடவே வந்திருந்த ஆன்செல் தனியாக வெளியே போய்ப் பார்த்தான். பனி, வண்டி, குதிரை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. திரும்பி வந்து நாற்காலியில் கை வைத்தான், மறுபடி சமையலறை.

“வேணும்னே கனமா உக்காந்திருக்கா” என்று மூச்சிரைத்தான்.

“யக்கா, தயவு பண்ணி எறங்கி நடந்து வந்துருங்களேன்” என்றான் லைமன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

மிட்டி ஊசியை நிறுத்தினாள். அவள் குரல் உயர்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

“எங்கடா நடந்து வர? எங்க தூக்கிட்டுப் போனாலும் என் தரதான். இந்த முட்டி தேஞ்சது இதுலதான்டா! அப்பன் பீயும் மூத்திரமும் அள்ளுனப்ப எவனாச்சும் இங்க கோடு போட்டீங்களா? ஒங்க புள்ள காச்சல்ல கெடந்தப்ப, ‘மிட்டி, ஒம் பாவாட அகலத்துல நின்னுக்கிட்டுப் பாரு’ன்னு சொன்னீங்களா? அப்பல்லாம் ஊர் பூரா என் வீடு. வேல முடிஞ்சதும் எனக்கு ஒரு ஆப்பிள் கெளயா? எறக்குடா நாற்காலிய!”

இறக்கினார்கள். லைமன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். சேற்றுக் காலோடு வந்திருந்தான். ஒரு துணியை எடுத்து, மண்டிபோட்டு, தன் தடங்களைத் துடைத்தான். அவரைக்கொட்டை வெந்துவிட்டது. நால்வருக்கும் மிட்டி தட்டில் போட்டுக் கொடுத்தாள். ஆன்செலும் கை நீட்டினான்.

“ஒனக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம்” என்றாள்.

வசந்தத்தில் ஆன்செலும் ஓர்ஃபாவும் மூட்டை கட்டி, ஒருவர் பின் ஒருவராக, மிஞ்சிய வழியில் நடந்து வெளியேறி ஆலைப்பக்கம் ஒரு அறையில் குடியேறினார்கள். கோடு நிற்கவில்லை. ஜூனில் வாசற்படி இறங்கியது, அறுவடைக்கு முன் தெருவைக் கடந்தது. தேவாலயத்தையும் கடையையும் கூட்டம் நடக்கும் மண்டபத்தையும் எடுத்துக்கொண்டது. கூட்டத்தில் சிலர் எதிர்த்துப் பேச எழுந்தார்கள். கால் மரத்ததால் உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது அது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, வருஷத்துக்குக் கொஞ்சம் மலை ஏறுகிறது. எங்களுக்குப் பழகிவிட்டது. அவரவர் வீட்டில் அவரவர் இருக்கிறோம், அவள் ஒன்றும் சொல்வதில்லை. பார்த்துத்தான் கால் வைக்கிறோம். ஆன்செல் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு வரும்போது அவனுக்கென்று தெருவில் இரண்டு சிவப்புக் கோடு உண்டு. கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறான்.

மிட்டி அந்த வீட்டைவிட்டு இன்றுவரை வெளியே வந்ததில்லை. நேற்றுக்கூட, கோட்டுக்குள் வந்துவிட்ட ஆற்றங்கரைப் புல்லில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதானால் பாலத்து முனையில் ஒரு சாக்குத்துணி விரித்திருக்கும், காலைத் துடைத்துவிட்டு வாருங்கள். அவள் இப்போதுதான் தரை தேய்த்திருக்கிறாள்.