ஒற்றைச் சிவப்பு

...புரிந்துவிட்டதாம், எல்லோருக்கும் புரிந்துவிட்டதாம், இதயத்தின் கீழறை என்று வாயெடுப்பதற்குள் திரையில் பச்சைக் கோடு மளமளவென்று ஏறுகிறது, சொல்லாதது எப்படிப் புரியும், முந்நூறு தலைகளும் மேசைக்கடியில் கவிழ்ந்து கிடக்கின்றன, கட்டைவிரல்களுக்கு மட்டும்தான் உயிர்... மேடையில் நின்றபடி அவள் திரையை முறைத்தாள். நர்ஸ் படிப்புக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ வருடமாக உடலியல் நடத்துகிறாள், முன்பெல்லாம் ஒரு புருவம் சுருங்கினால் போதும், இன்னொரு தரம் சொல்வாள். இந்த வருடம் முகத்துக்குப் பதில் போன். புரிந்தால் பச்சையை அழுத்த வேண்டும், புரியாவிட்டால் சிவப்பை, பெயர் தெரியாது, கூச்சமில்லாமல் சொல்வார்களாம். கூச்சமா, அது இருந்தால்தானே... கோட்டுக்குக் கீழே ஊர்கின்றனவே வாசகங்கள், 'பசிக்குது', 'சீக்கிரம் விடுங்க மேடம்', ஒருத்தன் வரிசையாக இதயப் படங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறான், பாடம் இதயம் அல்லவா, நகைச்சுவையாம். காலையில் வேதியியல்காரர் வாய் நிறைய டீயோடு சொன்னார், "பச்சை குறைஞ்சா அடுத்த வருஷ வேலை ஒப்பந்தத்துல கையெழுத்து விழாது, பாத்துக்குங்க. நான் கொஞ்சம் முன்னாடியே விட்டுடுவேன், பொங்கி வழியுது பச்சை." அந்த ஆளை நினைத்தாலும் எரிச்சல்தான். அதற்குச் சிரித்துத் தலையாட்டிய தன்னை நினைத்தால்... அது கிடக்கட்டும்.

எந்தக் கோபத்தில் வந்ததோ, நாக்கு தானாகச் சொன்னது. "இடது கீழறைதான் நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்புது." பச்சைப் பொய். வலதுதான் நுரையீரலுக்கு, போன வகுப்பில்தான் படம் போட்டுக் காட்டினாள். பச்சை ஏறியது. இவர்கள் நாளை யாருடைய கட்டிலருகே ஊசியோடு நிற்பார்கள், இதய வால்வு மாற்றக் காத்துக் கிடக்கிற தன் அப்பாவின் அருகேயா... அப்போதுதான் கண்ணில் பட்டது, திரையின் அடியில் ஒரே ஒரு சிவப்பு. ஓர் ஆள் விழித்திருக்கிறது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "தப்பாச் சொல்லிட்டேன். வலதுதான் நுரையீரலுக்கு, இடது உடம்புக்கு." அதற்கும் பச்சை, சரிக்கும் தப்புக்கும் ஒரே உயரம். ஆனால் சிவப்பு இறங்கவில்லை. அப்படியானால் தப்பைக் கண்டுபிடித்த ஆள் இல்லையா, எதுவுமே புரியாத ஆளா... இருக்கட்டும், புரியவில்லை என்றாவது சொல்கிறதே.

"யாருக்குப் புரியல, கை தூக்குங்க." யாரும் தூக்கவில்லை. முன்வரிசைப் பெண் பையை மூடியபடி, "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு மேடம்," என்றாள். இவளோ சாக்பீஸை எடுத்து, பலகையில் நான்கு அறைகளை வரைந்து, ரத்தத்தைக் கைப்பிடித்து ஒவ்வொரு கதவாக நடத்திக்கொண்டு போனாள். 'மறுபடியுமா', 'செம போர்'... பச்சை சரசரவென்று சரிந்தது, சரியட்டும், கையெழுத்தும் போகட்டும், வாக்கியத்துக்கு வாக்கியம் திரும்பி அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டாள், இருக்கிறாயா, இரு, இதோ வந்துவிட்டது...

நுரையீரலிலிருந்து ரத்தம் இடது மேலறைக்குள் திரும்புகிற இடத்தில் சிவப்பு அணைந்தது. பச்சையாகவும் மாறவில்லை, வெறுமனே இல்லாமல் போயிற்று. புரிந்துவிட்டதா, சலித்துவிட்டதா, போனில் சார்ஜ் தீர்ந்ததா... புரியத்தானே இத்தனை பாடு, பிறகு ஏன், புரிந்திருக்கும் என்று நினைக்கும்போதுகூடத் தன்னை விட்டுவிட்டு எழுந்து போனமாதிரி இருக்கிறது... சாக்பீஸும் கையுமாக, நிமிர்ந்த முகம் ஒன்றைக் கடைசி வரிசை வரைக்கும் தேடினாள்.